குதிரைத் தொழிலில் வேலை தேடுபவருக்கு: முதல் மூன்று காணொளிகள்

குதிரை லாயத்துக்கு ஆள் எடுப்பவர் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தால் குதிரையின் காது, வாய், வால் இவற்றைத்தான் முதலில் கவனிப்பார். காது பின்னால் ஒட்டிக் கிடப்பது, வாயைப் பிளப்பது, வாலைச் சுழற்றி அடிப்பது எல்லாமே உங்கள் கைப்பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். புதியவருக்குப் பராமரிப்பு வேலையைக் காட்டும் மூன்று காணொளிகள் போதும். சாகசச் சவாரி வேண்டாம்.

படி 1: அனுமதி

குதிரையின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காயம், மருந்து, விற்பனைப் பேச்சு எதுவும் வெளியே போகக் கூடாது. லாயத்தின் நுழைவாயில் பூட்டும் சேண அறையும் காட்சியில் விழ வேண்டாம். சேணம் விலை உயர்ந்தது, எளிதில் திருடு போவது.

படி 2: குளம்பு சுத்தம் செய்தல்

போனை முக்காலியில் 4 மீட்டர் தள்ளி வையுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். குதிரையை, இழுத்தவுடன் அவிழும் முடிச்சால் கட்டுங்கள். முன்காலுக்குத் தோள் அருகே, வால் பக்கம் பார்த்து நின்று, கையைக் காலோடு கீழே இறக்கித் தூக்குங்கள். குளம்புக் கொக்கியைக் குதிகாலிலிருந்து முன்னோக்கி ஓட்டுங்கள். நடுவிலுள்ள முக்கோண மென்பகுதியைக் குத்தாமல், அதன் இருபுறப் பள்ளங்களை மட்டும் சுரண்ட வேண்டும். கறுப்பாக, நாற்றத்தோடு கசிவு இருந்தால் அது குளம்பழுகல். உரிமையாளரிடம் உடனே சொல்லுங்கள். தரையில் மண்டியிட்டு வேலை செய்யாதீர்கள். குதிரை மிரண்டால் எழுந்து விலக நேரமிருக்காது.

படி 3: டிராட் ஓட்டம்

டிராட் என்பது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட மிதவேக ஓட்டம். மூன்று காணொளிகளில் இதுதான் அதிகம் பேசும். கெட்டியான சமதரையில் கயிற்றைப் பிடித்து உடன் ஓடியபடி குதிரையை 30 மீட்டர் நேராக ஓட்டுங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். முன்கால் வலிக்கும் குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் அந்த அசைவு மறைந்துவிடும், எதையோ மறைக்கிறீர்கள் என்று பார்ப்பவர் சந்தேகப்படுவார்.

போனைப் படுக்கைவாட்டில், குதிரையின் வயிற்றுப்பட்டி உயரத்தில் பிடித்து, நொடிக்கு 60 ஃபிரேமில் எடுக்கும்படி உடனிருப்பவரிடம் சொல்லுங்கள். அருகில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் தலை பெருத்து, பின்னுடல் சிறுத்துப் போகும். 10 மீட்டர் விலகி 2 மடங்கு ஜூம் வையுங்கள். வரும்போது, போகும்போது, பக்கவாட்டில் என மூன்று கோணமும் தேவை.

பாட்டு சேர்க்காதீர்கள். டிராட் இரண்டு தாள நடை. குளம்பொலி சீராக விழுகிறதா என்று காதால் கேட்டே அனுபவசாலிகள் கால் கோளாறைப் பிடிப்பார்கள். அந்த ஒலியை அழித்துவிட்டால் உங்கள் சிறந்த சான்றே போய்விடும்.

படி 4: எண்களோடு எழுதுங்கள்

மூன்றாவது காணொளி அன்றாடப் பரிசோதனை. ஓய்வில் வளர்ந்த குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. எடையைக் கணக்கிட, மார்புச் சுற்றளவு × மார்புச் சுற்றளவு × உடல் நீளம் ÷ 11,877. அளவுகள் செ.மீ.யில், விடை கிலோவில். நீளத்தைத் தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை அளக்க வேண்டும். 180 செ.மீ. சுற்றளவும் 165 செ.மீ. நீளமும் என்றால் சுமார் 450 கிலோ. 'அழகான செல்லம்' என்று எழுதுவதைவிட இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

வெளியிடும் முன்

ஒலியை நிறுத்தி ஒருமுறை, படத்தை மறைத்து ஒருமுறை பாருங்கள். தலைக்கவசப் பட்டை அவிழ்ந்திருந்தாலும், கயிறு கையில் சுற்றியிருந்தாலும் மறுபடி எடுங்கள். மிரண்ட குதிரை விரலையே பிய்த்துவிடும். சாட்டை வீச்சு, கடிவாளத்தை வெடுக்கென்று இழுப்பது எதுவும் இருக்கக் கூடாது. வெட்டி எடுத்தால் போதாது, அப்படிக் குதிரையைக் கையாளவே கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சியில் குதிரையின் காலில் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளியானதால், ஒலிம்பிக் சாம்பியன் ஷார்லட் டுஜார்டின் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலக நேர்ந்தது.

மூன்றும் தயாரானதும் லாய மேலாளருக்கு இணைப்பை அனுப்பி, சம்பளப் பேச்சுக்கு முன் ஒரு நாள் வேலை பார்த்துக் காட்ட வாய்ப்புக் கேளுங்கள்.