கற்பனைக் கபடி அணிக்குச் சின்னமும் சீருடையும்

காவிரி டெல்டாவைச் சேர்ந்த கற்பனைக் கபடி அணி ஒன்றுக்குச் சீருடை வரையத் தொடங்கும் முன், அணி தோன்றிய ஆண்டை முடிவு செய்யுங்கள். துணியும் எழுத்தும் அதைப் பொறுத்தே அமையும். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934 நல்ல தொடக்கம். அக்காலத்திற்குச் சாயம் தோய்த்த பருத்திப் பனியனும் அரைக்கால் சட்டையும் போதும்.

சின்னத்திற்குச் சோழர் புலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது எல்லோர் நினைவுக்கும் முதலில் வருவது. நடவுக்குக் கட்டி வைக்கும் நெல் நாற்றுக் கட்டான நாற்றுமுடியை எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே விரிந்த தாள்கள், நடுவே இறுகக் கட்டிய வைக்கோல் பிரி, கீழே சேறு ஒட்டிய வேர். முதல் சின்னத்தில் வேரை இழை இழையாக வரைந்து, பின்வந்த வடிவங்களில் மூன்றே தடித்த கோடுகளாகச் சுருக்கினால், கையால் வரைந்த காலம் போய்க் கணினி வந்தது தானே விளங்கும். ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு ரூபாய் நாணய அளவில், ஒரே நிறத்தில் வரைந்து பாருங்கள். அடையாளம் தெரியாவிட்டால் கோடுகளைக் குறையுங்கள்.

மாற்றங்களுக்கு ஊர் அறிந்த காரணம் வேண்டும். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியானதும் அணி பாலியெஸ்டர் ஜெர்சிக்கு மாறியதாக எழுதலாம். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அடுத்த பருவத்து ஜெர்சியின் மார்பில் ஒற்றைத் தென்னங்கீற்று சேர்ந்தது என்றால், டெல்டாக்காரர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கபடியில் பிடித்து இழுப்பார்கள் என்பதால் காலரும் பொத்தானும் வேண்டாம். சீருடை இளநாற்றுப் பச்சை என்றால், அதன் மேல் வெள்ளை எண் மங்கிவிடும். வண்டல் மண்ணின் கரும்பழுப்பில் எழுதுங்கள்.