சென்ட்ரல் வக்கியூம் இழுக்கவில்லையா? மோட்டரை மாற்ற முன்னம் இதைப் பாருங்கள்

கிளிநொச்சி, பரந்தன், வவுனியாப் பக்கம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு போட்டுக் கட்டிய புது வீடுகளில் இப்போது இடைக்கிடை சென்ட்ரல் வக்கியூமைப் பார்க்க முடிகிறது. வீட்டுத் தூசியை இழுக்கும் மெஷின்தான் இது. கராஜிலோ ஸ்டோர் ரூமிலோ சுவரில் தொங்கும், மோட்டரும் தூசி சேரும் வாளியும் உள்ள யூனிட், சுவருக்குள்ளால் ஓடும் பி.வி.சி. குழாய், அறைக்கு அறை மூடி போட்ட சுவர்வாய், அதில் செருக முப்பது அடி நீளத்தில் ஒரு ஹோஸ், அவ்வளவுதான் விஷயம். பூட்டும்போது நல்லாக இழுக்கும், பிறகு மெல்ல மெல்ல இழுவை குறையும், ஒருநாள் போன் வரும்: "தம்பி, மோட்டர் போட்டுது, கனடாவிலை இருந்து புதுசு எடுப்பிக்கவோ?"

எடுப்பிக்க வேண்டாம், பொறுங்கள். மோட்டர்தான் இதில் விலை கூடிய சாமான், பழுதாவதும் அநேகமாகக் கடைசியில்தான். காற்று உள்ளே வந்து வெளியே போகும் வழியை முதலில் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் மோட்டரில் கை வைக்க வேண்டும். இங்கே பழுது என்று சொல்லப்படும் யூனிட்டுகளில் கனக்க வெறும் அடைப்பும் ஒழுக்கும்தான். நல்ல மோட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதைப் பூட்டினாலும் இழுவை வராது, அந்தக் காசு சும்மா போய்விடும்.

முதலில் காதைக் கொடுங்கள்

ஹோஸை எடுத்துவிட்டு ஒவ்வொரு சுவர்வாயாகத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எல்லா வாயிலும் நல்ல இழுவை, ஹோஸ் போட்டால் மட்டும் இல்லை என்றால் அடைப்பு ஹோஸில் அல்லது கைபிடித் தடியில். ஒரு வாய் மட்டும் சோர்ந்திருந்தால் அந்தக் கிளைக் குழாயில் பிரச்சினை. எல்லா வாயும் சோர்ந்திருந்தால் நேரே யூனிட்டுக்குப் போங்கள்.

யூனிட் அருகில் நின்று சத்தத்தைக் கேளுங்கள். வழக்கத்தை விடக் கீச்சென்று உயர்ந்த சத்தத்தில் சுற்றினால் எங்கேயோ அடைப்பு, ஏனென்றால் தள்ளுவதற்குக் காற்று இல்லாதபோது மோட்டருக்குப் பாரம் குறைந்து அது வேகமாகச் சுற்றும். சத்தம் வழக்கம்போலவே இருக்கிறது, ஆனால் இழுவை இல்லை என்றால் காற்று வேறு எங்கேயோ ஓட்டையால் உள்ளே வருகிறது, அதாவது ஒழுக்கு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, எந்தத் திருப்புளியும் தேவையில்லை.

வாளியும் பில்டரும்

கூட வரும் புத்தகத்தில் வருடத்துக்கு மூன்று நான்கு தரம் வாளியைக் கொட்டினால் போதும் என்று இருக்கும். அது கார்ப்பெட் விரித்த குளிர்தேச வீட்டுக்குச் சொன்ன கணக்கு. அங்கே வருவது தும்பும் முடியும், அது பில்டரில் படிந்தாலும் இடையால் காற்று போகும். நமக்கு வருவதோ கிரவல் ரோட்டுப் புழுதி, சோளகம் வீசும் காலத்தில் யன்னலைப் பூட்டி வைத்தாலும் விறாந்தையில் படியும் மாவு மாதிரியான செம்மண், மாசி பங்குனியில் அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் பதர்த் தூள் வேறு. இந்த நுண்ணிய தூள் துணியின் கண்களை அடைத்துவிடும். ஆகவே மாதம் ஒருக்கா வாளியைக் கழற்றிப் பாருங்கள், சோளக மாதங்களில் அதைவிடவும் கூடுதலாக.

பில்டர் மூன்று விதம். கடதாசிப் பை என்றால் முக்கால்வாசி நிறைந்ததும் மாற்றுங்கள், கழுவவோ கொட்டித் திரும்பப் போடவோ கூடாது. உருளை வடிவில் மடிப்பு மடிப்பாக இருக்கும் கார்ட்ரிட்ஜ் என்றால் வெளியே கொண்டுபோய் மெல்லத் தட்டுங்கள், கழுவலாம் என்று அதிலேயே போட்டிருந்தால் மட்டும் கழுவி நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். மாரி காலத்தில் இது காய இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஈரத்தோடு பூட்டினால் அடுத்த புழுதி அதன்மேல் களியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். மூன்றாவது, யூனிட்டுக்குள் தலைகீழாகத் தொங்கும் துணி. அதைக் கழற்றத் தேவையில்லை, வாளியைக் கழற்றியபின் கீழிருந்து பிடித்து நன்றாக உதறிவிடுங்கள். மூக்குக்கும் வாய்க்கும் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

வாளியைத் திரும்பப் பூட்டும்போது விளிம்பில் ஓடும் றப்பரை ஈரத்துணியால் துடைத்து விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். வெடிப்போ நசுங்கலோ இருந்தால் மாற்ற வேண்டும். ஒரு மணல் துணிக்கை அதில் இருந்தாலே காற்று உள்ளே கசியும்.

சீமெந்துத் தூள், டைல்ஸ் வெட்டிய தூள், அடுப்புச் சாம்பல், தண்ணீர் இந்த நான்கையும் இதால் இழுக்கவே வேண்டாம். மேசன் வேலை முடிந்த கையோடு வீட்டைத் துப்புரவாக்க இதைப் போட்டவர்களின் பில்டரைப் பார்த்திருக்கிறேன், கல்லாகிக் கிடக்கும். அதற்குத் தும்புத்தடியும் ஈரத்துணியும் போதும்.

குளவி

இதை எந்த நாட்டுப் புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள், எங்கள் பக்கத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். யூனிட்டில் இருந்து காற்றை வெளியே தள்ளும் குழாய் ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு முற்றத்துப் பக்கம் வரும். வீட்டுக்காரர் வெளிநாட்டில், யூனிட் மாதக்கணக்காக ஓடவில்லை, அப்போது குளவிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? மண் உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து அந்த வாயை அடைத்துக் கூடு கட்டிவிடும். பிறகு ஆட்கள் வந்து சுவிட்சைப் போட்டால் கீச்சென்ற சத்தம், இழுவை இல்லை, யூனிட் கொதிக்கும், சூடேறி வெட்டும் சுவிட்ச் தானாக நிறுத்தும்.

யூனிட்டின் பிளக்கைக் கழற்றிவிட்டு வெளிமூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். குளவி உயிரோடு இருந்தால் பொழுதுபட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். கூட்டை வெளியே இழுத்து எடுக்க வேண்டும், உள்ளே தள்ளினால் மண் முழுக்க மோட்டர் பக்கம் போய்விடும். துப்புரவாக்கியபின் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலையை வாயில் கட்டுங்கள். நுளம்புவலை கட்ட வேண்டாம், நுண்ணிய தூள் படிந்து அதுவே அடைப்பாகிவிடும். கால் அங்குலக் கண்ணால் சின்னக் குளவி நுழையலாம், ஆகவே வலை கட்டினாலும் மாதம் ஒருக்கா எட்டிப் பாருங்கள்.

குழாய் அடைப்பு

ஹோஸ் அடைத்தால் அதைத் திருப்பிப் பிடியுங்கள், கைபிடிப் பக்கத்தைச் சுவர்வாயில் வைத்து மற்ற நுனியை உள்ளங்கையால் பொத்தி, சடக்கென்று எடுத்து, திரும்பப் பொத்தி எடுங்கள். வந்த வழியாலேயே அடைப்பு திரும்பி வரும். சுவருக்குள் அடைத்திருந்தால் அநேகமாகச் சுவர்வாய்க்குப் பின்னால் உள்ள முதல் வளைவில்தான் நிற்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் றப்பர்க் குழாயைத் தண்ணீர் இல்லாமல் உள்ளே விட்டு மெல்லத் தள்ளிப் பாருங்கள். கம்பி விடாதீர்கள். இந்தக் குழாயின் சுவர் மெல்லியது, கம்பி குத்தினால் சுவரை உடைத்துத்தான் திருத்த வேண்டிவரும்.

கழுவிய தரை காயமுன்னம் இழுப்பதால் வரும் அடைப்புத்தான் மோசம். ஈரமும் செம்மண்ணும் வளைவில் சேர்ந்து காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்கலாம்.

குழாய்த் துண்டு மாற்ற நேர்ந்தால் ஹாட்வெயாரில் "ரெண்டு அங்குலப் பைப்" என்று வாயால் கேட்டு வாங்காதீர்கள். வக்கியூம் குழாயில் 2 அங்குலம் என்பது வெளிவிட்டம், ஏறக்குறைய 51 மி.மீ. தண்ணீர்க் குழாயில் 2 அங்குலம் என்று விற்பது வெளிப்புறத்தில் அதைவிடப் பெருத்தது, பழைய குழாயோடு சேராது. வெட்டிய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். பசையைக் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் பூசுங்கள், மூட்டின் உள்ளே பூசினால் பசை வழிந்து உள்ளே வரம்பு கட்டும், அந்த வரம்பில்தான் பிறகு முடியெல்லாம் சிக்கும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். யூனிட்டை ஓடவிட்டு, மூடிய சுவர்வாய்களின் ஓரமாகவும் வெளியே தெரியும் மூட்டுகளின் ஓரமாகவும் புகையைப் பிடியுங்கள். புகை உள்ளே வளைந்து போகும் இடம்தான் ஒழுக்கு. தணல் உள்ளே இழுபடாத தூரத்தில் பிடியுங்கள்.

சுவர்வாய் மாற்றுவது

மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ றப்பர் காய்ந்தாலோ மாற்றலாம், சுலபமான வேலை. பிளக்கைக் கழற்றுங்கள், இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே இழுங்கள், பின்னால் இரண்டு மெல்லிய வயர் இருக்கும். சாதாரணமாக அது 24 வோல்ட், எந்த வயர் எந்தப் பக்கம் என்ற பேதம் இல்லை. புதியதில் பூட்டி, றப்பர் வளையம் மடியாமல் குழாயில் அமர்த்தி இறுக்குங்கள். ஆனால் பவர் பிறஷுக்காக, அதாவது தனி மோட்டர் வைத்த தரைப் பிறஷுக்காக, சுவர்வாயிலேயே மெயின் கரண்ட் கொடுத்த வகையும் உண்டு. தடித்த வயர் கண்ணில் பட்டால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

சுவர்வாயைத் திறந்தால் எறும்பும் பல்லி முட்டையும் இருப்பது இங்கே சாதாரணம். யூனிட் தானாக ஓடத் தொடங்கி நிற்கவே இல்லை என்றால் பேய் பிசாசு என்று பயப்பட வேண்டாம், சுவர்வாயில் அந்த இரண்டு மெல்லிய வயரும் வந்து சேரும் தொடுமுனைகளுக்கு நடுவில் ஏதோ ஒன்று கிடக்கிறது என்றுதான் முதலில் நினையுங்கள். துப்புரவாக்கியும் நிற்காவிட்டால் யூனிட்டில் உள்ள ரிலே, அதாவது மோட்டருக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஓடவே இல்லை என்றால்

முதலில் ட்ரிப் சுவிட்ச், பிறகு யூனிட்டில் உள்ள சின்ன ரீசெட் பொத்தான். பிறகு சுவர்வாயின் 24 வோல்ட் தொடுமுனை இரண்டையும் ஒரு வயர்த் துண்டால் தொடுத்துப் பாருங்கள். ஓடினால் பிழை ஹோஸில் உள்ள சுவிட்சில். ஓடாவிட்டால் இன்னொருவரை யூனிட்டருகில் நிற்கவிட்டுத் திரும்பத் தொடுங்கள். "டிக்" என்று ரிலே சத்தம் கேட்டும் மோட்டர் அசையவில்லை என்றால் கார்பன் பிறஷ், அதாவது மோட்டரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு, தேய்ந்திருக்க வாய்ப்புக் கூட. சத்தமே இல்லை என்றால் சின்ன ட்ரான்ஸ்போமரையோ போர்டையோ பார்க்க வேண்டும். ஐப்பசி இடிமின்னலுக்குப் பிறகு இப்படி நின்றது என்றால் போர்டுதான் முதல் சந்தேகம்.

கார்பன் பிறஷ்

மூடியைக் கழற்றி மோட்டரைப் பாருங்கள், இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். கழற்றமுன் போனில் படம் எடுத்துவையுங்கள். கார்பன் கால் அங்குலத்துக்கு, அதாவது 6 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பிறஷைக் கழற்றிய இடைவெளியால் தெரியும் செப்பு வளையம் கபில நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் நல்லது. கறுத்துக் குழி விழுந்திருந்தால் புது பிறஷ் போட்டும் கனநாள் நிற்காது, அப்போது மோட்டரையே மாற்றும் யோசனைக்குப் போங்கள்.

புது பிறஷ் செப்பு வளையத்தின் வளைவுக்கு அமரும் வரை மோட்டருக்குரிய வோல்ட்டில் பாதியைக் கொடுத்து அரை மணித்தியாலம் ஓடவிடுவது நல்லது. 230 வோல்ட் மோட்டர் என்றால் வெளிநாட்டுச் சாமானுக்கு வைத்திருக்கும் 110 வோல்ட் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமரில் மோட்டரின் இரண்டு வயரையும் கொடுத்தால் சரி, அது ஏறக்குறையப் பாதிதான். 120 வோல்ட் மோட்டரை மோட்டர் சுற்றும் கடைக்குக் கொண்டுபோனால் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவியில் வைத்து ஓடவிட்டுத் தருவார்கள்.

மோட்டரே போனால்

உள்ளே அரைபடும் சத்தம், எரிந்த மணம், கையால் சுற்றினால் கரகரப்பு, இவை இருந்தால்தான் மோட்டர். தகட்டில் உள்ள மொடல் இலக்கம், வோல்ட், விசிறியை மூடியிருக்கும் கூட்டின் விட்டம் (5.7 அல்லது 7.2 அங்குலம் சாதாரணமாக வருவது), உள்ளே எத்தனை விசிறி அடுக்கு, பக்கத்தால் காற்றுத் தள்ளும் குழல் இருக்கிறதா இல்லையா, இவ்வளவையும் எழுதிப் படத்தோடு அனுப்புங்கள். அனுப்பும் பிள்ளைகள் அங்கே கடையில் நின்று யோசிக்கத் தேவையில்லை.

வோல்ட்தான் முக்கியம். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. 120 வோல்ட் மோட்டரை நேரே கொடுத்தால் போட்டதும் எரிந்துவிடும். உங்கள் யூனிட் முழுக்க 120 வோல்ட் என்றால் 3000 வி.ஏ. அளவில் நல்ல ட்ரான்ஸ்போமர் வேண்டும், 1500 வாட் யூனிட்டே பன்னிரண்டரை அம்பியர் இழுக்கும். நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பது இந்த மோட்டருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த போர்டின் சின்ன ட்ரான்ஸ்போமர் கூடுதலாகச் சூடாகும். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுவதுதான் அதற்கு மருந்து.

மாற்றும்போது மோட்டர் அமரும் இடத்தைத் துடைத்து, புது கஸ்கெட் போடுங்கள், நசுங்கிய பழையதைத் திரும்பப் போட்டால் ஒழுகும். ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பச்சை எர்த் வயரைப் பூட்டாமல் மூடியைப் போடாதீர்கள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்ப வெளிநாடு போகிறவர்கள் வாளியைக் கொட்டி, பில்டரைத் தட்டி, பிளக்கைக் கழற்றி, வெளிக்குழாய் வாயை ஒரு சொப்பிங் பையால் கட்டிவிட்டுப் போங்கள். பை கட்டியிருப்பதை ஒரு தாளில் எழுதி யூனிட்டின் சுவிட்சுக்கு மேலே ஒட்டிவிடுங்கள், திரும்பி வந்து அவிழ்க்காமல் போட்டால் மோட்டர் சூடாகிவிடும்.