அரிய இரலை மந்தையைத் தலைமுறை தாண்டிக் காப்பது எப்படி

ஓமன் பாலைவனத்தில் கடைசிக் காட்டு அரேபிய ஒரிக்ஸ் (நீண்ட கொம்புள்ள பாலைவன இரலை) 1972-இல் கொல்லப்பட்டது. ஆனாலும் இனம் முடிந்துபோகவில்லை. அதற்குப் பத்தாண்டு முன்பே விழித்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் உயிரியல் பூங்காவில் 9 விலங்குகளைக் கொண்டு ஒரு மந்தையைத் தொடங்கியிருந்தார்கள். 1982-இல் அந்த வம்சத்தின் வாரிசுகள் ஓமனில் மறுபடி திறந்துவிடப்பட்டன. வளைகொம்பு ஒரிக்ஸ் 2000-இல் 'காட்டில் அழிந்துபோனது' என்று அறிவிக்கப்பட்டது; பூங்காக்களிலும் வளர்ப்பு மந்தைகளிலும் இருந்தவற்றின் வாரிசுகள் 2016 முதல் சாட் நாட்டில் விடப்பட்டு, 2023-இல் அந்தப் பட்டியலிலிருந்து மீண்டன. அடாக்ஸ், டாமா கெசல் என்ற ஆப்பிரிக்கப் பாலைவன இரலைகளும் இன்று அதே விளிம்பில் நிற்கின்றன. இவற்றில் எதை வைத்திருந்தாலும் உங்கள் பட்டியில் நிற்பது பார்வையாளருக்கான காட்சிப்பொருள் மட்டும் அல்ல, நாளைக்குக் காட்டுக்குப் போகவேண்டிய விதை.

இந்த வேலையில் அதிகம் ஏமாற்றுவது குட்டிகளின் எண்ணிக்கை. ஆண்டுக்குப் பத்துக் குட்டி பிறந்தால் மந்தை நன்றாக இருக்கிறது என்று தோன்றும். பத்தும் ஒரே கிடாவின் குட்டிகள் என்றால் மந்தை தேய்ந்துகொண்டிருக்கிறது. எந்தக் கிடா எந்தப் பெண்ணோடு எத்தனை காலம் இருக்கிறது என்பதை முடிவு செய்வதுதான் முதல் வேலை. தீவனமும் மருந்தும் அதற்குப் பிறகு.

கிடாவை மாற்றும் கணக்கு

ஒரு மந்தையில் 12 பெண், 1 கிடா என்று வைத்துக்கொள்வோம். தலை எண்ணினால் 13. மரபுக் கணக்கில் அது 13 அல்ல. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, 4-ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும்: 4 × 1 × 12 ÷ 13, அதாவது 3.7. இந்த எண்ணை இரட்டித்து 1-ஐ அதனால் வகுத்தால் ஒரு தலைமுறையில் கரையும் மரபு வளம் (மந்தையிலுள்ள மரபணு வகைகளின் பன்மை) எவ்வளவு என்று கிடைக்கும், இங்கே 13.5 சதவீதம். அதே 12 பெண்களுக்கு ஒரே கிடாவை ஆறு ஆண்டு வைக்காமல், மூன்று கிடாக்களை இரண்டிரண்டு ஆண்டு வைத்தால் எண் 9.6 ஆகிறது, இழப்பு 5.2 சதவீதமாகக் குறைகிறது. கூடுதல் இடமும் வேண்டாம், கூடுதல் தீவனமும் வேண்டாம். முறை மாற்றினால் போதும். பூங்காக்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு 100 ஆண்டில் 90 சதவீத மரபு வளத்தைக் காப்பது. மேலே சொன்ன ஒற்றைக் கிடா மந்தை தனித்து நின்றால் ஒரே தலைமுறையில் அந்த எல்லையைத் தாண்டிக் கீழே விழுந்துவிடும்.

கிடாவை மாற்றும்போது பழையதை எடுத்த மறுநாளே புதியதை விடாதீர்கள். வளைகொம்பு ஒரிக்ஸின் சினைக்காலம் சுமார் எட்டரை மாதம், ஆனால் விலங்குக்கு விலங்கு இரண்டு வாரம் முன்பின் ஆகும். இடையில் 45 நாள் கிடா இல்லாமல் விட்டால், பிறக்கும் குட்டி யாருடையது என்பதில் சந்தேகமே வராது. இடைவெளி விடாத இடங்களில் தந்தை பெயரில் கேள்விக்குறியோடு குட்டிகள் சேர்ந்துகொண்டே போகும். வம்சாவளிப் பதிவேட்டில் ஒரு கேள்விக்குறி விழுந்தால் அதன் வாரிசுகள் அத்தனை பேருக்கும் அது தொடரும்; பிறகு டி.என்.ஏ. சோதனைதான் வழி.

இன்னொரு பொறி, ஈன்றவுடன் வரும் பருவம். ஒரிக்ஸ் பெண் குட்டி போட்ட சில நாட்களிலேயே மறுபடி பருவத்துக்கு வந்து சினைப்பட்டுவிடும். அந்தக் கிடாவிடமிருந்து அடுத்த குட்டி வேண்டாம் என்றால், ஈனுவதற்கு முன்பே அதைப் பிரித்தாக வேண்டும். குட்டியைப் பார்த்தபின் பிரிப்பது பல நேரம் காலம் கடந்த செயல். அதேபோல் மகள்கள் பருவத்துக்கு வருமுன் தகப்பன் வெளியேற வேண்டும். இரண்டு ஆண்டுச் சுழற்சி என்பதே அதற்காகத்தான். தகப்பன்–மகள் சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் உறவுக்கலப்பு அளவு 25 சதவீதம், ஒரே தகப்பனுக்குப் பிறந்த மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் சேர்ந்தால் 12.5. இதற்கு விலை உண்டு. பூங்காக்களிலிருந்த 16 குளம்பு விலங்கினங்களின் பதிவுகளை ஆராய்ந்த 1979-ஆம் ஆண்டு ஆய்வில், 15 இனங்களில் உறவுக்கலப்பில் பிறந்த குட்டிகளே அதிகம் இறந்திருந்தன.

எந்தக் கிடாவைத் தேர்ந்தெடுப்பது? கம்பீரமானதையோ அடக்கமானதையோ அல்ல. ஒவ்வொரு விலங்கும் உயிரோடிருக்கும் மற்ற எல்லாவற்றோடும் சராசரியாக எவ்வளவு உறவு என்று கணினி கணக்கிட்டுக் கொடுக்கும். உறவு குறைந்தது யாரோ, அதன் மரபணுக்களே அரிதானவை, அதற்கே முதலிடம். அரிதானதை அரிதானதோடு சேர்க்க வேண்டும். அரிய கிடாவை, ஏற்கெனவே ஏராளமான வாரிசுகள் உள்ள பெண்ணோடு சேர்த்தால் அரியதும் மலிந்ததும் ஒரே குட்டிக்குள் கட்டப்பட்டுவிடும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. இதை ஒரு பூங்கா தனியாகச் செய்ய இயலாது. எல்லாப் பூங்காக்களுக்குமான வம்சாவளிப் பதிவேட்டைப் பராமரிப்பவர் சொல்கிறபடி விலங்குகளை ஊர்விட்டு ஊர் அனுப்பவும் வாங்கவும் மனம் வேண்டும்.

அவசரமும் வேண்டாம். ஒவ்வொரு பெண்ணும் முதல் வாய்ப்பிலேயே ஈன்று, அதன் மகளும் அப்படியே ஈன்றால் நூறாண்டில் தலைமுறைகள் பெருகும், ஒவ்வொரு தலைமுறையிலும் இழப்பு ஏற்படும். பிறப்பைத் தள்ளி வைக்க எளிய வழி கிடாவைப் பிரிப்பது. இடம் இல்லாவிட்டால் பெண்களுக்குக் கருத்தடை மருந்து: தீவனத்தில் கலக்கும் மெலெஞ்செஸ்ட்ரால், அல்லது தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் குச்சி. பின்னதை ஆண் இரலைக்கு வைத்துப் பயனில்லை. மாட்டினக் குடும்பத்து ஆண்களில் அது வேலை செய்வதில்லை. பெண்ணிலும் பல ஆண்டு தொடர்ந்து நிறுத்தி வைத்தால் பிறகு சினைப்படும் என்ற உறுதி கிடையாது. ஒன்றிரண்டு குட்டிக்குப் பிறகே நிறுத்துவது நல்லது.

மிஞ்சும் கிடாக்கள்

பிறப்பதில் பாதி ஆண். எட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தகப்பன் அவற்றைத் துரத்த ஆரம்பிக்கும். பின்தொடையில் கொம்புக் கீறல் தெரிந்தால் அன்றே பிரிக்க வேண்டும். அவற்றுக்குத் தனி ஆண் மந்தை அமைக்காத பூங்கா, கிடாச் சுழற்சி என்று பேசவே முடியாது, ஏனெனில் அடுத்த கிடா அங்கேதான் வளர்கிறது.

ஆண் மந்தை அமைதியாக இருக்க மூன்று நிபந்தனை. எல்லாமே ஒன்றரை வயதுக்குள் ஒரே நாளில் சேர்ந்திருக்க வேண்டும். பெண்கள் கண்ணுக்கும் படக்கூடாது, காற்றில் வாடையும் வரக்கூடாது. பெண்களோடு இருந்து திரும்பிய கிடாவை நேரே உள்ளே விடக்கூடாது. புதிதாக ஒன்றைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால், எல்லாவற்றையும் யாருக்கும் பழக்கமில்லாத வேறொரு பட்டிக்கு மாற்றிச் சேர்க்க வேண்டும். சொந்த இடம் என்ற உரிமை எவருக்கும் இல்லாதபோது சண்டை குறையும். நம்மூர்ப் பூங்காக்களில் வெளிமான் கிடாக்கள் ஒன்றையொன்று குத்திச் சாவதும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று தவறுவதால்தான்.

பட்டி

குறுகிய மூலைதான் கொலைக்களம். பலவீனமானதைத் துரத்தும் விலங்கு அதை மூலையில் மடக்கிக் குத்தும். மூலைகளைப் பலகை வைத்து வளைவாக்குங்கள். கொட்டகைக்கு இரண்டு வாசல் கட்டாயம். நடுவில் மண்மேடு, மரக்கட்டைக் குவியல், தட்டி ஏதாவது வைத்துப் பார்வையை மறையுங்கள். கண்ணில் படாத எதிரியை யாரும் துரத்துவதில்லை. வேலி இரண்டு மீட்டர் உயரம் இருக்கட்டும். வலையின் கண் கொம்பு நுழைந்து சிக்கும் அளவில் இருக்கக்கூடாது, கீழே குட்டி நழுவும் இடைவெளியும் கூடாது. புதிய விலங்கு வந்தால் முதல் வாரம் வேலியில் பச்சை நிழல்வலையைக் கட்டி வையுங்கள். வேலி எங்கே என்று தெரியாமல் முழு வேகத்தில் மோதிக் கழுத்து முறிவது முதல் மணிநேரங்களில்தான் நடக்கும்.

வளைகொம்பு ஒரிக்ஸின் கொம்பு ஒரு மீட்டரைத் தாண்டும். தீவனத் தொட்டிகள் அதைக் கணக்கில் கொண்டு நாலைந்து மீட்டர் தள்ளித்தள்ளி இருக்க வேண்டும், விலங்குகளைவிட ஒரு தொட்டி கூடுதலாக. மென்மையான தரையில் குளம்பு தேயாமல் வளர்ந்து வளைந்துவிடும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சொரசொரப்பான சிமெண்ட் தளம் போட்டால், தினமும் நடந்து நின்றே தேய்ந்துவிடும். குளம்பு வெட்ட மயக்க ஊசி போடவேண்டிய ஆபத்தும் தவிரும்.

குட்டியின் முதல் நாள்

இவை குட்டியை மறைத்து வைக்கும் இனங்கள். இரண்டு மூன்று வாரம் குட்டி புல்லிலோ பள்ளத்திலோ அசையாமல் படுத்திருக்கும். தாய் தூரத்தில் மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். இதைக் கைவிட்டது என்று எண்ணித் தூக்கிவந்து புட்டிப்பால் கொடுத்தால் நல்ல குட்டியைக் கெடுத்ததாகும். மறைய இடமில்லாத பட்டியில் குட்டி அலையும், மற்றவை குத்தும். எனவே ஈனும் பட்டியில் வைக்கோல் படுகையும் சாய்ந்த பலகைகளும் வைத்துவிடுங்கள்.

குட்டியைக் கையில் எடுக்க வேண்டிய நேரம் ஒன்றே: பிறந்து 12 முதல் 24 மணி. அதற்குமுன் தாயும் குட்டியும் பழகியிருக்காது, அதற்குப்பின் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். இரண்டு பேர் போதும். ஒருவர் வண்டியையோ பலகையையோ தாய்க்கும் குட்டிக்கும் இடையில் நிறுத்துகிறார். தாயின் கொம்பு விளையாட்டல்ல. மற்றவர் கையுறை போட்டுக்கொண்டு ஆணா பெண்ணா பார்த்து, எடை எடுத்து, தொப்புளை அயோடினில் நனைத்து, காதில் எண் மாட்டி, தோலுக்கடியில் அடையாளச் சிப் வைத்து, அண்ணம் பிளந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். ஐந்து நிமிடத்தில் முடிந்து, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். வயிறு ஒட்டி, வாய் குளிர்ந்து, தலை தூக்காமல் கிடந்தால் சீம்பால் கிடைக்கவில்லை என்று பொருள். சீம்பாலின் காப்பு சக்தியைக் குடல் உறிஞ்சுவது 24 மணியில் நின்றுவிடும், முதல் ஆறு மணியில் கொடுப்பதே முழுப் பலன். 10 கிலோ குட்டிக்கு முதல் நாளில் ஒரு லிட்டர், நாலைந்து தவணையாக. காசநோயும் ஜோனி நோயும் (மாடுகளின் குடலைத் தாக்கும் தொற்று) இல்லை என்று சோதித்த பண்ணையின் பசுஞ்சீம்பாலை முன்கூட்டியே உறைய வைத்திருங்கள்.

தீவனம், புழு, நோய்

120 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்கு, ஈரத்தைக் கழித்த உலர் எடைக் கணக்கில், இரண்டரை கிலோவுக்குள் தீவனம். அதில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல்லும் குதிரை மசாலும், மீதியே அடர்தீவனம். கெசல்களுக்கு இலைதழை கூடுதலாக வேண்டும். தானியமும் ரொட்டியும் வயிற்றைப் புளிக்கச் செய்து குளம்பு வீக்கத்தில் கொண்டுபோய் விடும். செம்மறிக்கான தீவனத்தில் தாமிரத்தை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள். அதைத் தொடர்ந்து கொடுத்தால் இரலைக்குப் பற்றாக்குறை வரும். இறைச்சி, எலும்புத்தூள் சேர்ந்த தீவனம் எக்காலத்திலும் கூடாது. 1986 முதல் பிரிட்டன் பூங்காக்களில் நியாலா, ஒரிக்ஸ், குடு என்று இரலை இனங்கள் ஒவ்வொன்றாக மூளை நோயில் விழுந்தது அதனால்தான்.

பாலைவன இரலைக்குப் பூங்காவில் பெரிய எதிரி இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. சொந்த மண்ணில் காய்ந்து சாகும் புழு முட்டை, தண்ணீர் தெளித்த பசும்புல்லில் ஒரு வாரத்தில் தொற்றும் புழுவாகிவிடும். அதனால் வாரம் இருமுறையாவது புழுக்கை அள்ள வேண்டும், தீவனம் தரையில் விழக்கூடாது. மாதாமாதம் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுப்பது மருந்தைத்தான் கொல்லும். ஒவ்வொரு விலங்கின் புழுக்கையிலும் முட்டையை எண்ணி, அதிகம் உள்ளவற்றுக்கு மட்டும் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். முட்டை 95 சதவீதம் குறையவில்லை என்றால் அந்த மருந்து பலிக்கவில்லை. பட்டியை வரிக்குதிரையோடு மாற்றிமாற்றி மேய்ப்பது நல்ல உபாயம்; குதிரையினப் புழுக்கள் வேறு.

வைல்டபீஸ்ட் என்ற ஆப்பிரிக்க இரலையையும் செம்மறியையும் பக்கத்துப் பட்டியில் வைக்காதீர்கள். அவை நோயில்லாமல் சுமக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் மற்ற இரலைகளைக் கொல்லும். கோமாரியும் ஆட்டுக்கொல்லியும் ஆள் வழியாகவும் வரும்: வீட்டில் ஆடு மாடு வைத்திருக்கும் பணியாளருக்குப் பூங்காவிலேயே தனி பூட்ஸும் உடையும் கொடுங்கள். ஆட்டுக்கொல்லி 2016–17-இல் மங்கோலியாவின் சைகா இரலைகளைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தது.

பிடித்தலும் அனுப்புதலும்

ஓடிக் களைத்த இரலை பிடிபட்ட அன்று நன்றாக எழுந்து நின்று, மூன்றாம் நாளோ இரண்டாம் வாரமோ விழுந்து சாகலாம். தசை சிதைந்து, சிறுநீர் காபி நிறத்தில் வரும், நடை விறைக்கும். அந்த நிலைக்குப் பிறகு சிகிச்சை பெரும்பாலும் வீண். தடுப்பது மட்டுமே வழி. விடியற்காலைக் குளிரில் மட்டும் வேலை. துரத்துதல் இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கண்ணைக் கட்டுங்கள், பேசாதீர்கள். மயக்கத்தில் இருக்கும்போது மார்பு தரையில் படும்படி வைத்து, தலையை வயிற்றைவிட உயரத்திலும் மூக்கைக் கீழ்நோக்கியும் பிடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் இரைப்பைத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடல் வெப்பம் பாருங்கள். 40 டிகிரியில் தண்ணீர் ஊற்றத் தொடங்குங்கள், 41-இல் மயக்கத்தை முறிக்கும் மருந்து கொடுத்து எழுப்பிவிடுங்கள். எட்டார்ஃபின் (மனிதர் மேல் சிறிது பட்டாலும் உயிரைப் பறிக்கக்கூடிய மயக்க மருந்து) பயன்படுத்தினால், அதை முறிக்கும் மனிதருக்கான நால்ட்ரெக்ஸோன் மருந்தும், அதைப் போடத் தெரிந்த இரண்டாவது ஆளும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஊசியைத் திறக்கவே கூடாது.

அனுப்பும் விலங்கை மயக்கிப் பெட்டியில் போடுவதைவிட, பெட்டியை மூன்று வாரம் பட்டியில் வைத்து உள்ளேயே தீவனம் கொடுத்துப் பழக்குவது எல்லா வகையிலும் மேல். பெட்டிக்குள் திரும்ப இடமிருக்கக்கூடாது. திரும்ப முயன்று சிக்குவதில்தான் கொம்பும் கழுத்தும் ஒடிகின்றன. பக்கங்கள் ஓட்டையில்லாத பலகை, காற்றுத் துளைகள் மேலேயும் கீழேயும், தரையில் வழுக்காத குறுக்குக் கட்டைகள். கொம்பு நுனிகளில் ரப்பர் குழாயைச் செருகி நாடா சுற்றுங்கள். போகும் இடத்தில் 30 நாள் தனிமைப் பட்டி, முதல் இரண்டு வாரம் பழைய ஊரின் அதே புல். கூடவே அந்த விலங்கின் தாய், தந்தை, பிறந்த நாள், எடைகள், போட்ட மருந்துகள், புழு எண்ணிக்கை எல்லாம் எழுதிய தாள். அது பெட்டியோடு ஒட்டியே போகட்டும். மின்னஞ்சலில் தனியாக ஒரு நகலும் அனுப்புங்கள்.