உருகிய அலுமினியத்தில் மாலிப்டினம் கரைவதைச் சோதிக்கும் முறை

2,623 பாகை செல்சியசில்தான் உருகும் மாலிப்டினம், 660 பாகையில் உருகும் அலுமினியத்தை எளிதில் தாங்கிவிடும் என்று எண்ணுவது தவறு. அது உருகாவிட்டாலும், அலுமினியத்துடன் வினைபுரிந்து, நொறுங்கும் தன்மையுள்ள சேர்மப் படலமாக மாறி அரிக்கப்படுகிறது. துத்தநாகத்தை உருக்குவோருக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

மதுரை அருகிலுள்ள கப்பலூர்த் தொழிற்பேட்டையைப் போன்ற இடங்களில் வார்ப்படப் பட்டறை நடத்துவோர், உருகிய அலுமினியத்தில் மூழ்கும் மாலிப்டினக் கம்பியையோ உறையையோ விலை கொடுத்து வாங்குமுன், அதே உலோகத்தின் சிறு துண்டைச் சோதிக்கலாம். துண்டின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் மட்டுமல்ல, எந்த நாளிலும் அதை 150 பாகைக்கு மேல் சூடாக்கி ஈரத்தை முற்றிலும் போக்கிய பிறகே உலைக்குள் இறக்க வேண்டும். ஈரம் உள்ளே போனால் நீராவி வெடித்து உலோகம் தெறிக்கும். காற்றில் 500 பாகையைத் தாண்டினால் மாலிப்டினம் வேகமாக ஆக்சிசனேற்றம் அடையும் என்பதால், முன்சூட்டை அளவோடு நிறுத்துங்கள்.

உருகிய அலுமினியத்தைக் கலக்காமல் ஒரு துண்டையும், கலக்கியபடி மற்றொன்றையும் ஒரே வெப்பநிலையில், ஒரே நேரம் மூழ்கவிடுங்கள். கலக்கும்போது, துண்டை ஒட்டி நிற்கும், மாலிப்டினம் கரைந்து செறிவான திரவம் விலகிப் புதிய திரவம் வந்து சேர்வதால், கரைதல் விரைவடையும்.

எடையை மட்டும் நம்பாதீர்கள். ஒட்டிய அலுமினியம் இழப்பை மறைத்துவிடும். துண்டைக் குறுக்கே அறுத்து மெருகேற்றி, நுண்ணோக்கியில் எஞ்சிய மாலிப்டினத்தின் தடிமனையும் சேர்மப் படலத்தையும் தனித்தனியே அளப்பதே, என் கருத்தில், நம்பத்தக்க வழி.