உப்புக்காற்று ஊரில் காருக்கு வீட்டிலேயே ஷாம்பு

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் கடலோரமாக வீடு இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராத்திரி பளிச்சென்று துடைத்து நிறுத்திய காரின் முன்கண்ணாடியில் காலையில் விரலை வைத்து இழுத்தால் பிசுபிசுவென்று ஒரு கோடு விழும். அது கடல் காற்று கொண்டுவந்த உப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது அலை உடைந்து தெறிக்கிற சாரலும் சேர்ந்துகொள்ளும். கடற்கரைச் சாலையில் ஒருநாள் ஓடிவிட்டு வந்தாலே கதவின் அடிப்பக்கம், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, நட்டு போல்ட்டு எல்லாவற்றிலும் உப்பு படிந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும், ஈரம் இருந்தால் துரு வரும். அதனால் நம் மாவட்டத்தில் கார் கழுவுவதை அழகுக்கான வேலையாக மட்டும் நினைக்க முடியாது, வண்டி நாலு வருஷம் கூடுதலாக நிற்க வேண்டும் என்றால் அடிக்கடி கழுவியே ஆக வேண்டும். அடிக்கடி கழுவ வேண்டும் என்றால் கழுவுகிற சோப்பு பெயின்ட்டைத் தின்னக்கூடாது.

நான் கார் வாங்கிய முதல் வருஷம் முழுக்க துணி துவைக்கிற பவுடரைத்தான் வாளியில் கலக்கினேன். நன்றாக நுரைத்தது, அழுக்கும் போனது. ஒரு வருஷத்தில் பானெட் வெளிறிப்போய், கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பர் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆனபோதுதான், தக்கலையில் பெயின்ட் வேலை செய்கிற ஒரு அண்ணன் பவுடரை நிறுத்தச் சொன்னார். துணிப் பவுடரில் சலவை சோடா இருக்கிறது, நல்ல காரம். பெயின்ட் மேல் போட்ட மெழுகுப் பூச்சை அது உரித்துவிடும், சரியாக அலசாமல் விட்டால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டாக நிற்கும். பாத்திரம் விளக்குகிற சோப்புக்கட்டியும் இதே கதைதான். எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும் கலந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு, இரண்டும் சேர்ந்து பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது வேறொரு உப்புக்கரைசல், அதில் அழுக்கு எடுக்கிற சக்தி இல்லை.

சரி, தேங்காய் விளைகிற ஊரில் தேங்காய் எண்ணெய் சோப்பு காய்ச்சினால் என்ன என்று கேட்கலாம். குளிக்க அருமையான சோப்பு, கடல் தண்ணீரில்கூட நுரைக்கும். ஆனால் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் செய்கிற எந்தச் சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், அதோடு கிணற்றுத் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் கூடுதலாக இருந்தால் அவற்றோடு சேர்ந்து தயிர் திரிந்த மாதிரி ஒரு படிவு வரும். அது பாடியிலும் கண்ணாடியிலும் மங்கலாக ஒட்டிக்கொள்ளும். கடற்கரைக் கிணறுகள் பலவற்றில் இது நடக்கும். காருக்கு வேண்டியது காரமும் அமிலமும் இல்லாத, கடினத் தண்ணீரிலும் திரியாத ஒன்று.

அதற்கு இரண்டே முக்கியச் சாமான். ஒன்று எஸ்.எல்.இ.எஸ்., அதாவது சோடியம் லாரில் ஈதர் சல்பேட், 70 சதவீதம் உள்ள கெட்டியான பேஸ்ட். சோப் ஆயில் செய்கிற சாமான் விற்கும் கெமிக்கல் கடைகளில் கேட்டால் கிலோ கணக்கில் தருவார்கள், தலைக்குப் போடுகிற ஷாம்புகள் பலவற்றில் நுரைப்பது இதுதான். இன்னொன்று சி.ஏ.பி.பி., அதாவது கோகோ அமிடோ புரொப்பைல் பீட்டைன். பெயரில் உள்ள கோகோ நம் தேங்காய்தான், தேங்காய் எண்ணெயிலிருந்து வருகிற பொருள். இது எஸ்.எல்.இ.எஸ்ஸின் கடுமையைக் குறைத்து நுரையை மெத்தென்று ஆக்கும். கடையில் ‘ஆசிட் சிலரி’ போட்ட கிட்டைக் கொடுக்கப் பார்ப்பார்கள், அது தரை கழுவுகிற சோப் ஆயிலுக்கு உரியது. அது கடும் அமிலம், காஸ்டிக் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும், அளவு பிசகினால் பெயின்ட்டுக்கும் கைக்கும் ஆபத்து. வேண்டாம்.

2 லிட்டருக்கு அளவு சொல்கிறேன். எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட் 250 கிராம், சி.ஏ.பி.பி. (30 சதவீதம் உள்ளது) 120 கிராம், கெட்டுப்போகாமல் இருக்க ஃபீனாக்சி எத்தனால் 20 மில்லி, சிட்ரிக் ஆசிட் ஒரு 5 கிராம் கைவசம், மீதி தண்ணீர். கூடவே காரமா அமிலமா என்று நிறத்தால் காட்டுகிற பிஎச் பேப்பர் ஒரு கட்டு, அது இல்லாமல் இறங்க வேண்டாம். தண்ணீருக்கு மழைத் தண்ணீர்தான் என் முதல் தேர்வு. வருஷத்தில் இரண்டு பருவமழை கிடைக்கிற மாவட்டம் இது, கூரைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் போதும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடியுங்கள். இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் 1.2 லிட்டர் தண்ணீர் எடுத்து, பேஸ்ட்டைக் கரண்டியால் சின்னச் சின்னதாக அதில் போட்டு மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகும். பேஸ்ட்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் அது கரைவதற்குப் பதில் இன்னும் இறுகி, ஜெல்லி மாதிரி கட்டி கட்டியாக நிற்கும், அதைக் கரைக்க அரைநாள் மல்லுக்கட்ட வேண்டும். நிறையத் தண்ணீருக்குள் பேஸ்ட் போக வேண்டும், அதுதான் சூட்சுமம். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் சீக்கிரம் கரையும். காலையில் ஒரு மரக்கம்பால் மெதுவாகக் கிண்டுங்கள், அடித்துக் கலக்கினால் வாளி முழுக்க நுரை வந்து உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. எல்லாம் தெளிந்தபின் சி.ஏ.பி.பி.யை ஊற்றிக் கிண்டி, அப்புறம் ஃபீனாக்சி எத்தனாலைச் சேருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பேஸ்ட் கண்ணில் பட்டால் நல்ல எரிச்சல் எடுக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

இப்போது பிஎச் பேப்பரை நனைத்துப் பாருங்கள். 7 என்றால் காரமும் இல்லை, அமிலமும் இல்லை, அதற்கு மேலே என்றால் காரம். பெரும்பாலும் 7-க்கு மேலே காட்டும். சிட்ரிக் ஆசிட்டை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரு டீஸ்பூன் விட்டுக் கிண்டி, மறுபடி பேப்பர், மறுபடி ஒரு டீஸ்பூன் என்று 7-க்குக் கொண்டுவாருங்கள். 7 வந்தபின் சிட்ரிக் கரைசல் மீந்தால் அதையும் வாளியில் சேர்க்க வேண்டும் என்று இல்லை. கடைசியில் 2 லிட்டர் வரும்வரை தண்ணீர் விட்டு, நுரை அடங்கியதும் பாட்டிலில் ஊற்றி, காருக்கு என்று பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். ஃபீனாக்சி எத்தனால் கிடைக்கவில்லை என்றால் ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் செய்து அதற்குள் தீர்த்துவிடுங்கள், நாற்றம் வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

தயாரித்தது தண்ணீர் மாதிரி ஓடுகிறதே என்று உப்பு போடச் சொல்வார்கள். கல்லுப்பு போட்டால் கெட்டியாகும் என்பது உண்மை, கடைச் சோப் ஆயில் பலவும் அப்படித்தான் கெட்டியாகிறது, அளவு கூடினால் திரும்பவும் நீர்த்துப்போகும். கெட்டியாக இருப்பதால் அழுக்கு கூடுதலாகப் போவதில்லை, பார்வைக்கு மட்டும்தான். வாளியில் கலக்கி அலசும்போது அந்த உப்பு ரொம்பக் கொஞ்சம்தான் என்றாலும், உப்பைப் போக்கக் கழுவுகிற வண்டிக்கு உப்புப் போட்ட ஷாம்பு எதற்கு? நான் போடுவதில்லை.

10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 75 மில்லி போதும். வாரம் ஒரு தடவை கழுவினால் 2 லிட்டர் ஆறு மாதம் வரும். வெயில் ஏறுமுன் அல்லது சாயங்காலம், பானெட் ஆறியபின் தொடங்குங்கள். முதலில் வெறும் தண்ணீர், ஓஸ் பைப்பை வைத்து சக்கர வளைவுக்குள்ளும் அடிப்பக்கமும் நன்றாக அடிக்க வேண்டும், உப்பு அதிகம் தங்குவது அங்கேதான். பாடியிலும் மணல் எல்லாம் ஓடும்வரை துணியை வைக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் நம் கடற்கரை மணல்தான். மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான் என்கிற தாதுக்கள் எல்லாம் கிடக்கிறது, கார்னெட்டும் சிர்கானும் கண்ணாடியையே கீறும், கார் பெயின்ட் எம்மாத்திரம். இங்கே மோனசைட் என்கிற இன்னொரு தாது இருப்பது 1909-இல் தெரியவந்ததே, இங்கிருந்து கப்பலேறிப் போன தென்னந்தும்பில், அதாவது தேங்காய் நாரில், ஒட்டியிருந்த மணலை ஒரு ஜெர்மன்காரர் கவனித்ததால்தான். தும்பு அப்படி மணலைப் பிடித்து வைக்கும், அதனால் தும்பு போட்டுக் காரைத் தேய்க்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மைக்ரோஃபைபர் துணி, இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள், சக்கரத்துக்கு வேறு துணி. ஒவ்வொரு பக்கமும் காயுமுன் அலசிவிட வேண்டும், கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது மழைத் தண்ணீர் ஒரு வாளி ஒதுக்குங்கள்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரத்தடியில் நிறுத்தி ரப்பர் பால் விழுந்தால் இந்த ஷாம்பு உதவாது. ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் விட்டுத் துடைத்தால் போய்விடும், காய்ந்துவிட்டால் நகம் படாமல் விரல்நுனியால் உருட்டி உருட்டி எடுங்கள். டயர் மினுங்க டீசல் தடவுவதும் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெடும்.

கழுவிய தண்ணீரைக் கிணற்றடியிலும் குளத்துக் கரையிலும் ஓட விடாதீர்கள். துடைத்தபின் கதவுகளைத் திறந்து அடியில் உள்ள சின்ன ஓட்டைகளில் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அடைத்திருந்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்று உள்ளிருந்து துருப்பிடிக்கும், ஒரு ஈர்க்குச்சி போதும் குத்தி எடுக்க. அப்புறம் வண்டியை அப்படியே நிறுத்திவிடாமல் தெருமுனை வரை ஓட்டி, பிரேக்கை மெதுவாக நாலைந்து தடவை மிதித்துவிட்டு வாருங்கள், டிஸ்க்கில் நிற்கிற ஈரம் அதில் காய்ந்துவிடும்.