வன்முறையும் அரசியலும் மிகுந்த ஒரு படத்தின் இரண்டாம் பாகம்: பார்வையாளர் கருத்துகளை எடைபோடுவது எப்படி?

அரசியல் பின்னணியும் கடுமையான வன்முறையும் கொண்ட ஒரு த்ரில்லர் படத்தின் இரண்டாம் பாகம் வெளியானதும், அதைப் பற்றிய கருத்துகள் இரண்டு முகாம்களாகப் பிரிந்து குவியத் தொடங்குகின்றன. ஒரு தரப்பு அதைக் காவியம் என்கிறது. மறு தரப்பு நஞ்சு என்கிறது. படத்தைப் பார்க்கலாமா, வளரிளம் பருவப் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாமா, திரைப்படச் சங்கத்தில் திரையிட்டு விவாதிக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு இந்த இரண்டு கூச்சல்களுமே உதவுவதில்லை. ஆயினும் அதே குவியலுக்குள், படத்தைக் கவனமாகப் பார்த்து நேர்மையாக எழுதியவர்களின் கருத்துகளும் கிடக்கின்றன. அவற்றை இனங்கண்டு பிரித்தெடுப்பது பழகினால் கைவரக்கூடிய திறன்தான்.

இத்தகைய படத்தைப் பற்றிய ஏறத்தாழ ஒவ்வொரு கருத்திலும் நான்கு தீர்ப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். படம் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று; அதன் வன்முறையைப் பார்த்தவரால் தாங்க முடிந்ததா என்பது இன்னொன்று; அதன் அரசியல் அவருக்கு ஏற்புடையதா என்பது மூன்றாவது; முதல் பாகத்துக்கு அது ஈடாக நிற்கிறதா என்பது நான்காவது. பெரும்பாலானவர்கள் இவற்றில் ஒன்றைப் பற்றி மட்டுமே அழுத்தமாக உணர்ந்து, அந்த உணர்வை மற்ற மூன்றின் மீதும் ஏற்றி, ஒரே மதிப்பெண்ணாகக் கொடுத்துவிடுகிறார்கள். கருத்தைப் படிப்பவரின் முதல் வேலை, ஒட்டியிருப்பதைப் பிரிப்பது.

எப்படிப் பிரிப்பது என்பதற்கு, இத்தகைய படங்களுக்கு வழக்கமாக வரும் கருத்துகளின் சாயலில் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம்: “முதல் பாகத்தின் கால் தூசுக்கும் ஈடாகாது. தேவையே இல்லாமல் ரத்தம். சண்டைக் காட்சிகள் மட்டும் அருமை. கடைசியில் அவர்கள் நினைத்த அரசியலைத் திணித்துவிட்டார்கள்.” மதிப்பெண் பத்துக்கு இரண்டு. மேலோட்டமாகப் படித்தால் இது முழு நிராகரிப்பு. வரிவரியாகப் பார்த்தால் வேறு செய்திகள் கிடைக்கின்றன. சண்டைக் காட்சிகளைப் பாராட்டுகிறவர் ரத்தத்தைத் தேவையற்றது என்கிறார் என்றால், காட்சிகள் திறமையாக எடுக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் கதையோ பாத்திரமோ அவற்றைக் கோரியதாக அவருக்குத் தோன்றவில்லை என்று பொருள். ‘கடைசியில்’ என்கிறாரே, அதனால் படத்தின் முற்பகுதியில் அரசியல் அவரை உறுத்தவில்லை என்று கொள்ளலாம். ‘அவர்கள்’ யார் என்று அவர் சொல்லவில்லை. இயக்குநரோடு இருக்கும் முரண்பாடா, படத்துக்கு வெளியே உள்ள ஓர் அரசியல் தரப்போடு இருக்கும் கோபமா என்பது தெளிவாகவில்லை. ஆகவே அந்த இரண்டு மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு, ‘ஆக்கம் நன்று, வன்முறை மிகை, முடிவுப்பகுதி சர்ச்சைக்குரியது’ என்று குறித்துக்கொள்வதே சரி. இப்படி இருபது முப்பது கருத்துகளைக் குறித்தாலே, எந்தப் புள்ளியில் பலரும் ஒன்றுபடுகிறார்கள், எங்கே பிளவுபடுகிறார்கள் என்பது தெரியத் தொடங்கும்.

மதிப்பெண்களைப் பார்க்கும்போது, ஒவ்வொரு தளமும் எதை அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் பார்வையாளர்களுக்கான சதவீதம் சராசரி மதிப்பெண் அன்று. ஐந்து நட்சத்திரங்களில் மூன்றரையோ அதற்கு மேலோ கொடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதையே அது காட்டுகிறது. எனவே எல்லோருக்கும் ஓரளவு பிடித்த ஒரு சுமாரான படம் மிக உயர்ந்த சதவீதத்தைப் பெற்றுவிட முடியும். திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி பத்துக்கு இத்தனை என்று எடையிட்ட சராசரியைத் தருகிறது. வாக்குகளைத் திட்டமிட்டுக் குவிப்பதைத் தடுப்பதற்காக, எடையிடும் முறையை அது முழுமையாக வெளியிடுவதில்லை. 1979 முதல் இயங்கிவரும் அமெரிக்க நிறுவனமான சினிமாஸ்கோர், வெளியீட்டு நாளில் திரையரங்கிலேயே பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்துக் கருத்துக் கேட்டு, ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் வழங்குகிறது. வெளியீட்டு நாளிலேயே வருபவர்கள் படத்தை விரும்பி எதிர்பார்த்தவர்கள் என்பதால், எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதையே அந்தத் தரம் முதன்மையாகச் சொல்கிறது.

சராசரியைவிடப் பரவலைப் பார்ப்பது முக்கியம். பத்துப் பேரில் ஐவர் பத்தும் ஐவர் ஒன்றும் கொடுத்தால் சராசரி 5.5. ஐவர் ஐந்தும் ஐவர் ஆறும் கொடுத்தாலும் அதே 5.5தான். இரண்டாவது படம் சாதாரணமானது. முதலாவது மக்களைப் பிளந்த படம். அரசியல் த்ரில்லர்கள் பெரும்பாலும் முதல் வகையிலேயே சேர்கின்றன. மதிப்பெண் பரவலைக் காட்டும் வரைபடத்தில் இரு முனைகளும் உயர்ந்து நடுப்பகுதி பள்ளமாக இருந்தால், நான்கு முதல் எட்டு வரை கொடுத்தவர்களின் எழுத்தை முதலில் தேடிப் படியுங்கள். அங்கேதான் ‘இது பிடித்தது, இது பிடிக்கவில்லை’ என்று தனித்தனியே எழுதியவர்கள் அதிகம் இருப்பார்கள்.

கருத்து எப்போது எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள். படம் வெளிவரும் முன்பே முன்னோட்டத்தை வைத்து எழுதப்பட்டவை படத்தைப் பற்றியவையே அல்ல. 2019ஆம் ஆண்டு ராட்டன் டொமேட்டோஸ் வெளியீட்டுக்கு முந்தைய கருத்துப் பதிவுகளை நிறுத்தியதற்கும், பின்னர் நுழைவுச்சீட்டு வாங்கியது உறுதிசெய்யப்பட்டவர்களின் மதிப்பீட்டைத் தனியாகக் காட்டத் தொடங்கியதற்கும் இந்தச் சிக்கலே பின்னணி. ஒரே நாளில் ஒரே சொற்றொடரோடு வரும் ‘ஒன்று’ மதிப்பெண்களைச் சந்தேகிப்பவர், அதேபோல் வரும் ‘பத்து’ மதிப்பெண்களையும் சந்தேகிக்க வேண்டும். இதில் பலரும் தமக்குப் பிடித்த தரப்புக்குச் சலுகை காட்டிவிடுகிறார்கள்.

வன்முறையைப் பற்றிய கருத்துகளில் ‘அதிகம்’, ‘குறைவு’ என்ற சொற்களால் பயன் இல்லை. துப்பாக்கிச் சண்டையைச் சலனமின்றிப் பார்ப்பவர், கட்டிவைத்துச் சித்திரவதை செய்யும் ஒரு நிமிடக் காட்சியில் எழுந்து போய்விடலாம். எனவே யார் மீது வன்முறை நிகழ்கிறது, கேமரா எவ்வளவு நேரம் விலகாமல் நிற்கிறது, அடிபட்டவரின் வலியும் அதன் பின்விளைவும் காட்டப்படுகின்றனவா, குழந்தைகள் மீதோ பாலியல் வடிவிலோ வன்முறை இருக்கிறதா என்பதைச் சொல்லும் கருத்துகளைத் தேடுங்கள். எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்று எழுதும் ஒருவர், ‘ரத்தக் களரி’ என்று எழுதும் நூறு பேரைவிட உங்களுக்கு உதவுவார். தணிக்கை வாரியம் விவரங்களை வெளியிடும் நாடுகளில் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்; பிரிட்டனின் பிபிஎஃப்சி, ஒரு படத்துக்கு ஏன் அந்த வயது வரம்பு என்பதை வன்முறை, மொழி, பாலியல் எனப் பிரித்து எழுதுகிறது. வீட்டுத் திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தவரின் அனுபவம் திரையரங்கின் ஒலியில் பார்த்தவரின் அனுபவத்தைவிட மென்மையாகவே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அரசியலைப் பற்றிய கருத்துகளில்தான் அதிகப் பொறுமை வேண்டும். ஒரு பாத்திரம் சொல்வதும் படம் சொல்வதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் கருத்தெழுதியவர் உணர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். ‘சிகாரியோ’ படத்தின் இரண்டாம் பாகமாக 2018 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் வெளியான ‘சிகாரியோ: டே ஆஃப் த சோல்டாடோ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மெக்சிகோ எல்லையைக் கடந்து வருபவர்களிடையே தற்கொலைத் தாக்குதல்காரர்கள் கலந்திருக்கிறார்கள் என்ற அச்சத்தோடு படம் தொடங்குகிறது. எல்லையில் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டது அமெரிக்காவையே உலுக்கிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. அந்தப் பிரிப்பை நிறுத்தும் ஆணை கையெழுத்தானது ஜூன் 20 அன்றுதான். தொடக்கக் காட்சிகளைக் கண்டு ஒருவர் கொதித்தால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் தொடக்கத்தில் ஓர் அங்காடியில் குண்டு வெடிக்கச் செய்தவர்கள் அமெரிக்கக் குடிமக்களே என்று அதே படத்தின் பிற்பகுதியில் தெரியவருகிறது. அந்தத் திருப்பம் போதுமானதா, தொடக்கத்தில் விதைத்த அச்சத்தை அது அகற்றுகிறதா என்று வாதிடலாம். அந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. திருப்பத்தையே குறிப்பிடாத கருத்து, அது வசையாக இருந்தாலும் புகழ்ச்சியாக இருந்தாலும், பாதிப் படத்தைப் பற்றியது.

மறுபுறம், பார்வையாளர்களின் வரவேற்பே அடுத்த பாகத்துக்குப் பின்புலமாக அமைந்த படமும் உண்டு. ஜோசே பாதில்யா இயக்கிய ‘எலீட் ஸ்குவாட்’ என்ற பிரேசில் படம் 2008இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. சித்திரவதை செய்யும் காவல் படைத் தலைவர் நாசிமென்டோவை மக்கள் நாயகனாகக் கொண்டாடினார்கள், விமர்சகர்கள் சிலரோ படத்தைப் பாசிசம் என்றே சாடினார்கள். 2010இல் வந்த இரண்டாம் பாகம், ‘எதிரி இப்போது வேறு’ என்ற துணைத்தலைப்போடு, அதே நாசிமென்டோவை அரசு உயர்பதவியில் அமர்த்தி, ஊழல் காவலர்களின் ஆயுதக் குழுக்களையும் அவர்களால் ஆதாயமடையும் அரசியல்வாதிகளையும் நோக்கித் திரும்பியது. சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் அதைத் திரையரங்குகளில் பார்த்தார்கள். முதல் பாகத்தின் கைத்தட்டல்களை அறியாமல், இரண்டாம் பாகத்தை ‘சமநிலைப்படுத்திவிட்டார்கள்’ என்று பாராட்டுபவரையோ ‘மழுப்பிவிட்டார்கள்’ என்று ஏமாற்றமடைபவரையோ நாம் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது.

இவ்வகைக் கருத்துகளில் மிக உயர்ந்த மதிப்புடையவை என நான் கருதுபவை இரண்டு: படத்தின் அரசியலோடு உடன்பட்டும் அதன் ஆக்கத்தில் குறை காண்பவருடையது, அரசியலை எதிர்த்தும் அதன் ஆக்கத்தைப் பாராட்டுபவருடையது. இருவருமே தமக்கு வசதியில்லாத ஒன்றை ஒப்புக்கொள்கிறார்கள். இவர்களோடு, படம் காட்டும் ஊரிலோ தொழிலிலோ சமூகத்திலோ வாழ்பவர்களையும் கேளுங்கள். சீருடை, பேச்சு, விசாரணை நடைமுறை ஆகியவை உண்மைக்கு நெருக்கமானவையா என்று அவர்களால் சொல்ல முடியும். ஆனால் ஒருவரின் கருத்தை அந்தச் சமூகம் முழுவதின் கருத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் பாகத்தோடு ஒப்பிடும் கருத்துகளைச் சுருக்கமாகவே கையாளலாம். இரண்டுக்கும் இடையே யார் மாறினார்கள் என்று பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். மேற்சொன்ன சிகாரியோவில் எழுத்தாளர் டெய்லர் ஷெரிடன் நீடித்தார். ஆனால் இயக்குநர் டெனி வில்நெவ்வுக்குப் பதில் ஸ்டெஃபானோ சொல்லிமா வந்தார், ஒளிப்பதிவாளரும் இசையமைப்பாளரும் மாறினார்கள், முதல் பாகத்தில் அறத்தின் பார்வையாக நின்ற எமிலி பிளண்டின் பாத்திரம் இரண்டாம் பாகத்தில் இல்லவே இல்லை. ‘ஏதோ குறைகிறது’ என்று காரணம் சொல்லத் தெரியாமல் பலர் எழுதும்போது, அந்தக் குறைக்கு இத்தகைய ஒரு காரணம் இருக்கலாம்.

நீங்களே கருத்தெழுதுவதானால், படம் முடிந்த உடனே குறிப்பெடுங்கள். வெளியிடுவதற்கு முன் ஓர் இரவு கடக்கட்டும். நான்கு தீர்ப்புகளையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். அரசியலைப் பற்றிய ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பாராட்டுக்கும் ஒரு காட்சியையாவது ஆதாரமாகக் காட்டுங்கள். முடிவை உடைக்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே எச்சரியுங்கள். படத்தை ரசித்தவர்களைக் கொடியவர்கள் என்றோ, ரசிக்காதவர்களைத் துரோகிகள் என்றோ எழுதும் வரி வந்தால், அதை அடித்துவிட்டு, அவர்கள் எந்தக் காட்சியை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று எழுதிப் பாருங்கள். முதல் பாகத்தை எப்போது பார்த்தீர்கள், இரண்டாம் பாகத்தைத் திரையரங்கிலா வீட்டிலா பார்த்தீர்கள், முழுவதும் பார்த்தீர்களா என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள். உங்கள் கருத்துக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதைப் படிப்பவர் அதைக் கொண்டு தீர்மானித்துக்கொள்வார்.