மிச்சச் சோற்றில் ஸோஸுய்: டிவியில் இரண்டு நொடியில் கடந்துபோகும் இடம்

ஜப்பானிய டிவி சமையல் நிகழ்ச்சிகளில் மிச்சம் மீதிக்குத் தனி மரியாதை உண்டு. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ‘க்யோ நோ ர்யோரி’ சமையல் நிகழ்ச்சி 1957லிருந்து ஓடுகிறது. ராத்திரி வைத்த கறிக் குழம்பு காலையில் உடோன் என்ற தடித்த நூடுல்ஸ் மேல் ஏறும், நிகுஜாகா என்ற இறைச்சி-உருளைக்கிழங்குக் கூட்டு மசிந்து கொரொக்கே என்ற பொரித்த கட்லெட் ஆகும். ஆனால் காலை அவசரத்துக்கு என் ஓட்டு ஸோஸுய் என்ற சோற்று சூப்புக்குத்தான். சோறும் முட்டையும் ரசம் போலத் தெளிவான தாஷி என்ற கடற்பாசி-மீன் சாறும் இருந்தால் கால் மணி நேரத்தில் ஆகிவிடும்.

டிவியில் பார்த்துச் செய்வதில் ஒரு தொல்லை: தாஷி ஏற்கெனவே கிண்ணத்தில் தயாராக இருக்கும், சோற்றை அலசுவது இரண்டு நொடியில் போய்விடும்.

இரண்டு பேருக்கு: ஆறின சோறு இரண்டு சின்னக் கிண்ணம், தாஷி அரை லிட்டர், முட்டை இரண்டு, சோயா சாஸ் இரண்டு டீஸ்பூன், உப்பு, வெங்காயத்தாள். நேற்றுச் சுட்ட சால்மன் துண்டு, வாடிய காளான், அரைக் கேரட் என எது இருந்தாலும் சரி.

1. அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கொம்பு கடற்பாசியை ராத்திரியே ஊறப்போடுங்கள். காலையில் சிறுதீயில் சூடாக்கி, கொதி வருமுன் கொம்புவை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு கைப்பிடி கத்ஸுவோபுஷி (காய்ந்த மீன் சீவல்) போட்டு வடிகட்டினால் தாஷி. நேரமில்லையா, பாக்கெட் பொடி போதும்.

2. சோற்றைச் சல்லடையில் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். ஜப்பானிய அரிசியின் பசை அப்படியே தாஷியில் இறங்கினால் அது கஞ்சியாகிவிடும். விரலால் கட்டிகளை உதிர்த்து, வெளியேறும் தண்ணீர் ஓரளவு தெளியும்வரை அலசினால் போதும். நன்றாக வடிய விடுங்கள். ஈரம் நின்றால் ருசி நீர்த்துப்போகும்.

3. தாஷியில் காய்களை வேகவைத்து, சோயாவும் உப்பும் சேர்த்துச் சுவை பாருங்கள். உப்பை இப்போதே சரிசெய்யுங்கள், முட்டைக்கு அப்புறம் கிண்டக் கூடாது. சோறும் மீனும் போட்டு மூன்று நிமிடம்.

4. இனிதான் முட்டை. நுரைக்க அடிக்காதீர்கள். சாப்ஸ்டிக்கால் வெள்ளையை வெட்டிவிடுவதுபோல் பத்துத் தடவை கலக்கினால் போதும். தாஷி தளதளவென்று கொதிக்கும்போது, சாப்ஸ்டிக் வழியே நூல்போல் நடுவிலிருந்து வெளிவட்டமாக ஊற்றுங்கள். கொதி குறைந்திருந்தால் முட்டை இழையாக நிற்காது, தாஷி கலங்கிப்போகும். ஊற்றியதும் கை வைக்காமல் பத்து எண்ணி, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் மூடிவையுங்கள். வெங்காயத்தாள் தூவிப் பரிமாறுங்கள்.

பாத்திரம் பற்றி: சூடு தாங்குவதால் தொனாபே மண்சட்டிதான் எனக்குப் பிடித்தது. இதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம், கனமான மூடியுள்ள எந்தப் பாத்திரமும் சரி. ஆனால் நீளமான சமையல் சாப்ஸ்டிக் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள், கரண்டியால் முட்டை இழை வராது.

பின்சேர்க்கை: சோறு ராத்திரி முழுக்க வெளியில் இருந்திருந்தால் இதற்கு எடுக்காதீர்கள். ஜப்பானிய வீடுகளில் செய்வதுபோல், சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் தாளில் தட்டையாக மடித்து, சூடு ஆறியதும் ஃப்ரீசரில் வையுங்கள், காலையில் மைக்ரோவேவ் போதும்.

இன்னொன்று: தாஷியில் மீன் வேண்டாம் என்பவர்களுக்கு, கொம்புவோடு காய்ந்த ஷீதாகே காளானும் ஊறட்டும், கத்ஸுவோபுஷி வேண்டாம். பொன்னி மாதிரி அரிசியில் பசை குறைவு, ஒரே அலசல் போதும், தாஷியில் சோறு கொதிக்கும் மூன்று நிமிடத்தை இரண்டாக்குங்கள். மிச்ச மிஸோ (புளித்த சோயா விழுது) சூப்பில் செய்தால் சோயாவும் உப்பும் போடாதீர்கள், ஏற்கெனவே இருக்கிறது.